பலகையெழுத்தின் வரலாறு

வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்திலே, கடற்காற்றுக்கு முகங்கொடுத்தபடி ஒரு பெயர்ப்பலகை நிற்கின்றது. ஊரின் பெயர் அதில் மும்முறை எழுதப்பட்டுள்ளது. மேலே சிங்களம், நடுவே தமிழ், கீழே ஆங்கிலம். நில்லாது விரையும் வண்டியொன்றின் சாளரத்தருகே அமர்ந்திருப்பவருக்கு அப்பலகையைப் படிக்கக் கிடைக்கும் காலம் ஓரிரு விநாடியே. அவ்வளவு காலத்துக்குள் எழுத்துக் கண்ணிற் பட்டுச் சொல்லாக விளங்கவேண்டும். விளங்காவிடின் பலகை இருந்தும் இல்லாததே ஆகும்.

புத்தகத்தின் எழுத்துக்கு இந்த நெருக்கடி இல்லை. புத்தகத்தைப் படிப்பவர் அதனைக் கையிலே ஏந்தியிருக்கிறார். விளங்காத வரியை மீண்டும் படிக்கிறார். பலகையின் எழுத்தோ நடந்து செல்பவரையும் வண்டியிற் செல்பவரையும் தூரத்திலிருந்து அழைக்கும் எழுத்து. ஆதலால் அது பெரிதாக இருத்தல் வேண்டும், தடித்திருத்தல் வேண்டும், வீண் அலங்காரம் இன்றி இருத்தல் வேண்டும். இத்தகைய எழுத்தை மேனாட்டார் எவ்வாறு வகுத்தனர், தமிழெழுத்து அக்கோலத்தை எய்தும்போது எதிர்ப்பட்ட இடர்கள் யாவை, கொழும்பு மாநகரிலே அவ்வெழுத்துக்கு நேர்ந்தவை யாவை என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

உரோம எழுத்தின் பழைய வடிவத்தை நோக்கினால், ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் சிறியதொரு குறுக்குக்கோடு இருப்பதைக் காணலாம். கற்பலகையில் உளியாற் செதுக்கிய காலத்திலேயே அவ்வழக்கம் நிலைபெற்றுவிட்டது. உரோம் நகரிலே கி.பி. 113 ஆம் ஆண்டளவில் எழுப்பப்பட்ட திராயன் தூணின் அடிப்பீடத்தில் உள்ள எழுத்துகள் அதற்குப் புகழ்பெற்ற சான்று. அச்சுக்கலை தோன்றியபின்பும் நுனிக்கோடுடைய எழுத்தே நூல்களில் ஆட்சி செலுத்தியது. கோட்டின் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் இருப்பது அதன் மற்றோர் இயல்பு. இறகுப் பேனையின் நடையை அது பின்பற்றிற்று.

19 ஆம் நூற்றாண்டிலே தொழிற்சாலைகளும் சந்தைகளும் பெருகின. விற்பவர் பலராயினர், சுவர்தோறும் விளம்பரங்கள் ஒட்டப்பட்டன. நூலுக்கு ஏற்ற மெல்லெழுத்துச் சுவரில் எடுபடவில்லை. 1816 ஆம் ஆண்டில் இலண்டனில் நான்காம் வில்லியம் கஸ்லன் என்னும் எழுத்துவார்ப்பாளர், நுனிக்கோடுகளை அறவே நீக்கிய அச்செழுத்தைத் தமது மாதிரி ஏட்டில் முதன்முதல் வெளியிட்டார். அது பேரெழுத்தாக மட்டுமே இருந்தது. ஒரே ஓர் அளவிலேயே இருந்தது. சில ஆண்டுகளின்பின், 1827 இல், நியூயோர்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ் என்பவர் மரத்திற் பெரிய எழுத்துகளைக் கடைந்தெடுக்கும் பொறியொன்றைக் கையாண்டார். ஈயத்தில் வார்த்தால் தாங்கமுடியாத நிறையுடையனவாகும் பேரெழுத்துகள் மரத்தினால் இலேசாகின, மலிவுமாயின. விளம்பரத் தாள்களிலே தடித்த எழுத்தின் காலம் தொடங்கிற்று.

எனினும், அவ்வெழுத்துகள் பல ஆண்டுகளாகச் சந்தைக்குரியனவாகவே கருதப்பட்டன. அவற்றுக்கு மதிப்பளித்தவர் எட்வர்ட் ஜோன்ஸ்ரன். இலண்டன் நிலக்கீழ்ப் புகையிரதத்துக்கென 1916 இல் அவர் வகுத்தளித்த எழுத்து, நிலையப் பலகைகளிற் பயணிகளுக்கு வழிகாட்டும் பணியை ஏற்றது. அவருடைய மாணவரான எரிக் கில் என்பவர் அமைத்த எழுத்து 1928 இல் வெளிவந்தது. புகையிரதக் கம்பனியொன்று அதனைத் தன் அறிவிப்புகளுக்கு ஏற்றது. 1935 முதல் பெங்குவின் நூல்களின் அட்டைகளையும் அதுவே அணிசெய்தது.

இவ்வரிசையிலே மிகுந்த துணிவுடையது ஜேர்மனியிற் பிறந்தது. போல் றென்னர் என்பவர் அமைத்த ‘பியூற்றுரா’ என்னும் எழுத்தினைப் பிராங்போட் நகரத்துப் பவுவர் வார்ப்பகம் 1927 இல் வெளியிட்டது. பெயரின் பொருள் ‘எதிர்காலம்’ என்பதாகும். வட்டம், முக்கோணம், சதுரம் ஆகிய மூன்று வடிவங்களிலிருந்தே எழுத்து முழுவதும் எழுந்ததுபோல் அது தோன்றும். கவராயமும் அடிமட்டமும் இருந்தாற் பள்ளி மாணவனும் வரைந்துவிடலாம் என எண்ணத் தூண்டும்.

ஆனால் உண்மை அதுவன்று. கவராயத்தால் வரைந்த வட்டத்தை அதே உயரமுள்ள சதுரத்தின் பக்கத்தில் வைத்தால், வட்டம் சிறியதாகவே கண்ணுக்குத் தோன்றும். ஆதலால் வட்ட எழுத்தைச் சிறிது உயர்த்தியும் தாழ்த்தியும் வரைதல் வேண்டும். கிடைக்கோடும் நிலைக்கோடும் ஒரே தடிப்புடையனவாயின், கிடைக்கோடு தடித்ததாகத் தோன்றும். ஆகவே அதனைச் சற்று மெலிவிக்க வேண்டும். வளைவு நேர்கோட்டுடன் கூடும் இடத்தில் மை தேங்கியதுபோன்ற கறுப்புத் திரளும். அவ்விடத்திலும் மெலிவு வேண்டும். றென்னர் இவையனைத்தையும் செய்தார். தொடக்கத்தில் அவர் வரைந்த, வடிவியலையே முற்றாகத் தழுவிய சில எழுத்துகளைக் கைவிட்டார். எழுத்துத் தடிக்குந்தோறும் இத்திருத்தங்களின் தேவையும் மிகும். கணிதத்துக்குக் கட்டுப்பட்டதாகத் தோன்றும் எழுத்து, உண்மையிற் கண்ணுக்கே கட்டுப்பட்டது. தமிழெழுத்தின் வரலாற்றை ஆராயும்போது இவ்வுண்மை மிகவும் பயன்படும்.

றென்னரின் வாழ்வு அமைதியாகக் கழியவில்லை. நாற்சிகளின் பண்பாட்டுக் கொள்கையைக் கண்டித்து அவர் 1932 இல் சிறு நூலொன்றை வெளியிட்டார். 1933 இல் அவர்கள் ஆட்சியைக் கைப்பற்றியதும் அவர் கைதுசெய்யப்பட்டு, மியூனிக் நகரில் வகித்த அச்சுக்கலைப் பள்ளித் தலைமைப் பதவியையும் இழந்தார். ஆனால் அவருடைய எழுத்து நாடுகள்தோறும் பரவியது. 1969 இல் சந்திரனில் இறங்கிய அமெரிக்கர் அங்கு விட்டுவந்த உலோகத் தகட்டின் வாசகம் பியூற்றுரா எழுத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது.

இனித் தமிழுக்கு வருவோம். நுனிக்கோடற்ற எழுத்து ஐரோப்பாவுக்குப் புதுமை. தமிழுக்கு அது பிறவி இயல்பு. பனையோலையில் எழுத்தாணியாற் கீறும்போது கோடு எங்கும் ஒரே தடிப்புடையதாகவே அமையும். எழுத்தாணிக்குத் தடிப்பும் மெலிவும் தெரியா. ஓலையின் நார்வழியே நீண்ட நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும். ஆதலால் எழுத்து வளைந்தது. புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகும். ஆதலாற் புள்ளி பெரும்பாலும் விடப்பட்டது. படிப்பவர் இடம்நோக்கி மெய்யையும் உயிர்மெய்யையும் தாமே பகுத்துணர்ந்தனர். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் கண்ணாற் பிரித்தறியும் இன்றைய வடிவம் 18 ஆம் நூற்றாண்டிலே வீரமாமுனிவரின் திருத்தத்தால் வந்தது. கருவி எழுத்தை வகுத்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அச்சு வந்தது. 1578 இல் கொல்லத்திலே ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. தரங்கம்பாடி மிஷனரிமாருக்காக ஜேர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட எழுத்துகள் 1713 இல் வந்துசேர்ந்தன. அவை மிகப் பெரியனவாயிருந்தமையால், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்துப் புதிய ஏற்பாட்டை 1715 இல் நிறைவேற்றினர். கொழும்பிலே ஒல்லாந்தர் நிறுவிய அச்சகத்திலிருந்து 1737 இல் முதற் சிங்கள நூல் வெளிவந்தது. தமிழிற் புதிய ஏற்பாடு 1759 இல் இந்நகரிலே அச்சாயிற்று. கொட்டாஞ்சேனையை அடுத்த மேட்டிலே இன்றும் நிற்கும் வுல்பெண்டால் தேவாலயம் திருநிலைப்படுத்தப்பட்டு அப்போது ஈராண்டுகளே சென்றிருந்தன. கொழும்பின் தமிழச்சுக்கு அத்தனை வயது.

இவ்வச்சகங்களின் நோக்கம் ஒன்றே: எழுத்தைச் சிறிதாக்குதல். காகிதம் விலைமிகுந்தது, நூலோ பெரியது. சிறிய எழுத்து வார்க்கத் தெரிந்தவரே சிறந்த வார்ப்பாளர் எனப்பட்டார். சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்திய ஹண்ட் என்பவர் தமிழெழுத்தைச் செம்மையாகச் சிறிதாக்கியவர்களுள் ஒருவர். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த வின்ஸ்லோ ஐயரின் பேரகராதி 1862 இல் அவருடைய அச்சகத்திலேயே வெளிவந்தது. இம்முயற்சியினால் தமிழ்நூல் மக்களின் கைக்கு எட்டிற்று. ஆயின், முந்நூறு ஆண்டுகளாக அச்செழுத்துச் சிறுமையை நோக்கியே வளர்ந்தமையால், பெரிதாகவும் தடிப்பாகவும் தமிழை எழுதுவது எவ்வாறு என்ற வினாவை எவரும் ஆழ்ந்து ஆராய நேரவில்லை.

அவ்வினாவை எழுப்பியவை பத்திரிகைகளே. கொழும்பிலே 1930 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ‘வீரகேசரி’யும், 1932 ஆம் ஆண்டு மார்ச் மாதம் ‘தினகர’னும் நாளிதழ்களாகத் தோன்றின. முன்னது நெடுங்காலம் இயங்கிய கிராண்ட்பாஸ் வீதி கொட்டாஞ்சேனைக்கு அண்மையது. நாளிதழ் தெருவிலே விற்கப்படுவது. கடையிலே தொங்கும் தாளின் தலைப்பு எதிர்ப்புறத்து நடைபாதையிற் செல்பவரை நிறுத்தவேண்டும். நூலெழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் அது நிறைவேறாது. கோடுகள் தடிக்க வேண்டும். பத்திரிகையோடு கடைப்பலகைகளும் பெருகின. அவற்றை எழுதியவர்கள் தூரிகையேந்திய ஓவியர்கள். அவர்களுக்கு வார்ப்பகத்தின் அளவுகள் இல்லை. எண்ணெய்த் தீந்தையும் தட்டைத் தூரிகையும் சுண்ணக்கட்டியால் அடித்த நூற்கோடும் கண்ணளவுமே அவர்களுடைய சாதனங்கள். தமிழின் தடித்த எழுத்து இவ்விரு சாராராலும் வளர்ந்தது எனலாம்.

தடிப்பாக்குவதில் என்ன இடர் என ஒருவர் கேட்கக்கூடும். உரோம எழுத்தின் ‘எல்’லையும் ‘ரி’யையும் எவ்வளவு தடித்தாலும் அவை அவையாகவே நிற்கும். தமிழிலும் ட, ப போன்ற எழுத்துகள் நேர்கோட்டால் ஆனவை. கவராயத்துக்கும் அடிமட்டத்துக்கும் அவை இணங்கும். ஆனால் ஞ, ண, ஐ போன்றவற்றின் சுழிகள் அவ்வாறல்ல. கோட்டைத் தடிப்பாக்குந்தோறும் சுழியின் உள்வெளி சுருங்கும். ஓரளவுக்கு மேல் அது முற்றாக அடைபட்டு, எழுத்துக் கறுப்புக் கட்டியாகிவிடும். எழுத்து என்பது கறுப்பினால் மட்டும் ஆவதன்று. கறுப்பினிடையே உள்ள வெள்ளையும் எழுத்தின் பகுதியே. ணகரத்தை விரிவாக்கி உள்வெளியைக் காத்தால், பக்கத்தில் நிற்கும் டகரம் ஒடுங்கித் தோன்றும். ஆகவே எழுத்துக்கு எழுத்து வேறு அகலமும், கோட்டுக்குக் கோடு வேறு தடிப்பும் அளந்து கொடுத்தல் வேண்டும். றென்னர் இருபத்தாறு எழுத்துகளுக்குச் செய்த திருத்தத்தைத் தமிழெழுத்தமைப்பவர் 247 எழுத்துகளை மனத்திற்கொண்டு செய்தல் வேண்டும்.

நுண்ணிய வேறுபாடுகள் தடித்த எழுத்தில் மறையும் என்பது மற்றோர் இடர். எகரத்தையும் ஏகாரத்தையும் பிரிப்பது சிறியதொரு கீழிழுப்பு. ரகரத்தையும் காலையும் பிரிப்பது அடியில் உள்ள சாய்கோடு. தடிப்பு இவற்றை விழுங்கிவிடுதல் எளிது. புள்ளியோ இவற்றினும் எளிதில் மறைவது. பல் வைத்தியர் ஒருவரின் பலகையிற் புள்ளி மங்கிவிட்டால், அது ‘பல வைத்தியர்’ என்றாகிவிடும். ஒருவரைத் தேடி வந்த நோயாளி பலரை எதிர்பார்த்துப் படியேறுவார். ஓலையிற் புள்ளியின்றிப் படித்த புலவருக்குச் செய்யுளின் ஓசை துணையாயிருந்தது. தெருவிற் செல்பவருக்கு அத்தகைய துணை இல்லை.

மும்மொழிப் பலகையிலே இன்னோர் இடரும் உண்டு. அது நீதியோடு தொடர்புடையது. ஆங்கிலப் பேரெழுத்துகள் மேலுங்கீழும் நீட்டம் இல்லாதவை. தமக்குக் கொடுத்த இடத்தின் உயரம் முழுவதையும் அவை நிரப்பும். தமிழெழுத்து அவ்வாறன்று. கி, கீ என்பன மேலே உயரும்; கு, கூ முதலியன கீழே இறங்கும்; அதற்கும் மேலே புள்ளிக்கு இடம் வேண்டும். பலகையை மூன்று சமபாகங்களாக வகுத்து ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்தால், தமிழெழுத்தின் உடற்பகுதி ஆங்கிலத்தைவிடச் சிறியதாகவே அமையும். அளவுகோல் சமம் என்று சொல்லும். கண் அவ்வாறு சொல்லாது.

நீளமும் அவ்வாறே. ‘கொட்டாஞ்சேனை’ என்னும் பெயர் ஆங்கிலத்தில் எட்டெழுத்து. தமிழிலே ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, கால், ஐகாரக் குறி ஆகியவற்றைத் தனித்தனி எண்ணினால் பதினோர் உருக்கள் வரிசையில் நிற்கின்றன. அத்தனையையும் ஒரே நீளத்துள் அடக்க முயலும் ஓவியர் எழுத்தை நெருக்குகிறார். நெருக்கினாற் சுழிகள் ஒடுங்குகின்றன. பழைய முறையிலே னை, ணை, லை, ளை என்பனவும் ணா, றா, னா என்பனவும் தனித்தனி வடிவங்களாக இருந்தன. 1935 முதல் ஈ. வே. ரா. பெரியார் தமது ‘குடி அரசு’ இதழிற் கையாண்ட சீர்திருத்த வடிவங்களைத் தமிழ்நாட்டரசு 1978 இல் ஏற்றது. காலப்போக்கில் இலங்கை அச்சகங்களும் பாடநூல்களும் அவற்றை ஏற்றன. இதனால் வார்க்கவேண்டிய எழுத்துகள் குறைந்தன. கற்கும் சிறுவருக்கும் எளிதாயிற்று. ஆனால் பலகையில் ஓருருவாக நின்ற ‘னை’ ஈருருவாகி, வரி சிறிது நீண்டது. எச்சீர்திருத்தத்துக்கும் ஒரு விலை உண்டு.

எழுத்தின் அழகைப் பற்றிய இவ்வாராய்ச்சி ஏன் வேண்டும் என எண்ணுவோர், 1958 ஆம் ஆண்டை நினைத்தல் தகும். அவ்வாண்டு பிரித்தானியாவிலே, விரைவு வீதிகளிற் செல்லும் சாரதிகள் தூரத்திலிருந்தே படிக்கத்தக்க எழுத்தை யொக் கின்னேர், மாகிறற் கல்வேட் என்னும் இருவர் வகுத்துக்கொண்டிருந்தனர். அவ்வாண்டு திசெம்பரிலே திறக்கப்பட்ட பிறெஸ்ரன் புறவழியில் அவர்களுடைய பலகைகள் நாட்டப்பட்டன. பேரெழுத்துகளாலேயே ஊர்ப்பெயரை எழுதாது, ஏற்றத்தாழ்வுள்ள சிற்றெழுத்துகளையும் சேர்த்து எழுதினாற் சொல்லின் வெளிக்கோலமே படிப்பவருக்கு உதவும் என்பது அவர்களுடைய துணிபு. தமிழெழுத்துக்கு அந்த ஏற்றத்தாழ்வு இயல்பாகவே உண்டு என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அதே 1958 இல் இலங்கையில் எழுத்தின்மீது தார் பூசப்பட்டது. 1956 இன் தனிச்சிங்களச் சட்டத்தின்பின் மோட்டார் வண்டிகளின் இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள ‘ஸ்ரீ’ இடம்பெற்றது. வடக்கிலும் கிழக்கிலும் அதனை அழித்துத் தமிழெழுத்தை எழுதும் இயக்கம் எழுந்தது. அதற்கு மாறாகத் தெற்கிலும் கொழும்பிலும் தமிழெழுத்துள்ள பலகைகள் தாரினால் மறைக்கப்பட்டன. ஏப்பிரிலில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் வன்செயல் மூண்டது. இருபக்கத்தும் தார்ச்சட்டியை ஏந்தியவர்கள் ஒன்றை நன்றாக உணர்ந்திருந்தனர்: பலகையில் உள்ள எழுத்து வழிகாட்டுவது மட்டுமன்று, ‘நீயும் இங்குள்ளாய்’ என்று ஒருவருக்குச் சொல்வதுமாகும். அதனாலேயே அதனை அழிக்க விரும்பினர்.

அவ்வாண்டிலேயே தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேறியது. ஆயினும், துயரம் அத்துடன் முடியவில்லை. 1983 யூலையில் வெள்ளவத்தையிலே தமிழருடைய கடைகள் பல எரிக்கப்பட்டன. கடையோடு பலகையும் எரிந்தது. 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என விதித்தது. எரிந்த வீதியிலே கடைகள் மீண்டும் எழுந்தன. இன்று காலி வீதியில் வெள்ளவத்தைப் பாலத்திலிருந்து தெற்கே நடப்பவர், புடைவைக்கடை, நகைக்கடை, உணவகம், கல்வி நிலையம் என இருமருங்கிலும் தமிழெழுத்தைக் காண்கிறார். மீண்டும் கடை வைத்தவர் தம் பெயரைத் தெருவிலே தடித்த எழுத்தில் எழுதுவித்தது வியாபாரத்துக்காக மட்டுமன்று என்பதை உணர்வது கடினமன்று.

தூரிகையின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது. உலகப் பொதுக் குறிமுறையாகிய யுனிகோட்டின் முதற்பதிப்பு 1991 இல் வெளிவந்தபோதே தமிழும் அதில் இடம்பெற்றது. அதற்கு முன்னும் பின்னும் இலங்கைத் தமிழரிடையே ‘பாமினி’ என்னும் கணினி எழுத்துப் பெருவழக்காயிருந்தது. கணினி அளித்த வசதியோடு புதியதொரு தீங்கும் வந்தது. தடித்த வடிவம் தனியாக வரையப்படாத எழுத்தைத் தடிப்பாக்குமாறு பணித்தால், கணினி கோட்டின் ஓரங்களை எங்கும் ஒரே அளவில் வீங்கச் செய்கிறது. அதற்குச் சுழி தெரியாது, புள்ளி தெரியாது. எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்குமாறு பணித்தால், நிலைக்கோடுகள் மெலிந்து கிடைக்கோடுகள் தடித்தபடியே நிற்கின்றன. பழைய ஓவியர் கண்ணளவாற் காத்த உள்வெளியை இயந்திரம் காப்பதில்லை. பெரும் பணம் செலவிட்டு மின்விளக்கோடு எழுப்பிய பலகைகளிலே ணகரமும் ஞகரமும் அடைபட்டு நிற்பதற்குக் காரணம் இதுவே.

இத்தீங்குக்கு மருந்து தமிழெழுத்தைத் தமிழெழுத்தாகவே ஆராய்ந்து தடிப்பாக வரைதல். அண்மைக் காலத்தில் அம்முயற்சி தோன்றியுள்ளது. பிரியா ரவிச்சந்திரன் அமைத்த ‘கட்டமரான்’ தமிழுக்கும் உரோம எழுத்துக்கும் ஒன்பது தடிப்பு நிலைகளைத் தனித்தனியே வகுக்கிறது. மும்பாயிலுள்ள ‘ஏக்’ எழுத்தமைப்பாளர் குழுவின் ‘பலூ தம்பி’ உருண்டு தடித்த பலகையெழுத்து. கொழும்பிலே ‘மூனியாக்’ என்னும் குழுவினர், சுவர்களிலே ‘விளம்பரம் ஒட்டாதீர்’ என்று தகட்டில் வெட்டிய அச்சுவழியாகத் தீட்டப்படும் எழுத்தைப் பின்பற்றி ஒரு குடும்பத்தை அமைத்தனர். அதன் சிங்களப் பிரிவுக்குக் ‘கொழும்பு’ என்றும் தமிழ்ப் பிரிவுக்கு ‘யாழ்ப்பாணம்’ என்றும் பெயரிட்டனர். ஒரு காலத்தில் ஒன்றையொன்று தாரினால் மறைத்த இரண்டு எழுத்துகள், ஒரே குடும்பத்தின் இரு பிள்ளைகளாக ஒரே தடிப்பில் வரையப்பட்டமை சிறியதொரு செய்தியே, ஆயினும் மறக்கத்தக்கதன்று.

இக்கருத்தும் இந்நாட்டுக்குப் புதியதன்று. கொழும்பு நூதனசாலையிலே ஒரு கற்பலகை உண்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்டுக் கொணர்ந்து காலியில் நாட்டியது அது. ஒரே கல்லிற் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. சீன வாசகம் புத்தருக்கும், தமிழ் வாசகம் தெய்வந்துறையில் எழுந்தருளிய தென்னாவர நாயனாருக்கும், பாரசீக வாசகம் இசுலாமியரின் இறைவனுக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றன. காணிக்கைகள் மூவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவானவை. இக்கல் 1911 இல் காலியிலே மதகொன்றின் மூடியாகக் கவிழ்ந்து கிடந்தபோது கண்டெடுக்கப்பட்டது. எழுத்தை மண்ணை நோக்கிக் கவிழ்த்து, அதன்மேல் வண்டிகளும் மனிதரும் சென்றிருக்கின்றனர். ஆயினும் எழுத்து முற்றாக அழியவில்லை.

அந்நியராக வந்த ஒரு மாலுமி, மூன்று மக்களுக்கும் அவரவர் மொழியிற் சொல்லவேண்டும் என்பதையும், மூவர் காணிக்கையும் ஒத்திருக்கவேண்டும் என்பதையும் உணர்ந்திருந்தார். இன்று மும்மொழிப் பலகையை எழுதுவிப்பவர் சட்டத்துக்கு அமைந்து மூன்று வரிகளை எழுதுவித்தால் மட்டும் போதாது. எதிர்ப்புற நடைபாதையில் நின்று அதனைப் பார்க்கவேண்டும். ஆங்கிலமும் சிங்களமும் எத்தனை அடி தூரத்திலிருந்து விளங்குகின்றனவோ, அத்தனை அடி தூரத்திலிருந்து தமிழும் விளங்குகின்றதா, சுழிகள் திறந்துள்ளனவா, புள்ளி தன் இடத்தில் நிற்கின்றதா எனச் சோதிக்கவேண்டும். அளவுகோலுக்குச் சமமான பலகையைவிடக் கண்ணுக்குச் சமமான பலகையே நீதியுடையது.

வெள்ளவத்தை நிலையத்தில் வண்டி சிறிது தாமதித்து மீண்டும் புறப்படுகின்றது. சாளரத்தருகே எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் சிறுவன் ஒருவன் இருந்தால், பலகையின் நடுவரியை அவன் உரக்கப் படிப்பான். வண்டி விரைவதற்குள் அவன் படித்துமுடித்தால், அவ்வெழுத்தை எழுதியவர் தம் கடமையைச் செய்தவராவார்.